சுவரை நடந்து பாருங்கள், சைக்கிளுக்கு ரோமானியர் போட்ட சாலை இருக்கிறது

கேட்டவர் நியூகாசிலுக்குப் படிக்க வந்திருக்கிறார். பழைய மவுண்டன் பைக் ஒன்றை வாங்கிவிட்டார். வட இங்கிலாந்தில் ரோமானியர் கட்டிய ஹேட்ரியன் சுவர்ப் பக்கம், மூர் என்கிற புதரும் சதுப்புமான மேட்டு நிலத்தில் இரண்டு மூன்று நாள் ஓட்ட வேண்டும் என்று ஆசை. எந்தப் பாதை நல்லது, சுவரை ஒட்டியே கடல் முதல் கடல் வரை ஒரு பாதை இருக்கிறதாமே, அதில் சைக்கிளில் போகலாமா என்பது கேள்வி. நான் இந்தப் பக்கத்தில் பல வருடமாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன், இந்த நிலத்தின் மேல் எனக்குப் பெரிய பிரியம் உண்டு, அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: போகக் கூடாது. சுவரை ஒட்டிப் போகும் அந்த 135 கிலோமீட்டர் பாதை 2003இல் திறந்தது, நடப்பவர்களுக்காக மட்டும். ஊர்ச்சாலையோ குதிரைப் பாதையோ அதனுடன் சேர்ந்து வரும் சில துண்டுகளில் சைக்கிள் போகலாம், மற்ற இடங்களில் உரிமை கிடையாது. இது வெறும் சட்டப் பிரச்சினை இல்லை. அந்தப் பாதையைக் கல் போட்டு இறுக்காமல் வேண்டுமென்றே புல்தரையாக வைத்திருக்கிறார்கள், ஏனென்றால் அந்தப் புல்லுக்கு ஒரு சாண் கீழே தோண்டிப் பார்க்காத கட்டடங்கள் கிடக்கின்றன. ஈரத்தில் நாலு டயர் ஒரே தடத்தில் போனால் புல் கிழியும், அடுத்த மழையில் அது வாய்க்கால் ஆகும், அதற்கடுத்த மழையில் அடியில் இருப்பது வெளியே வரும்.

ஆனால் இதில் வருத்தப்பட ஒன்றும் இல்லை. கி.பி. 122இல் கட்ட ஆரம்பித்த சுவர் அது; கிழக்கே வால்ஸெண்டிலிருந்து மேற்கே பௌனெஸ் வரை 117 கிலோமீட்டர். எல்லையைக் காக்கவும் போகிறவர் வருகிறவரைக் கவனிக்கவும் எழுப்பியது, வண்டி ஓட்டுவதற்காக இல்லை. சக்கரத்துக்கு அவர்கள் வேறு பாதை போட்டார்கள். சுவருக்குத் தெற்கே, சுவரைவிட மூத்ததாக, கார்பிரிட்ஜிலிருந்து கார்லைல் வரை போன ஸ்டேன்கேட் சாலை ஒன்று. யார்க்கிலிருந்து வடக்கே கிளம்பி, சுவரை வெட்டிக்கொண்டு, செவியட் மலைமேல் ஏறி ஸ்காட்லாந்துக்குள் இறங்கிய டியர் ஸ்ட்ரீட் இன்னொன்று. சுவரை நடந்து பாருங்கள், சைக்கிளை இந்தச் சாலைகளில் ஓட்டுங்கள். நான் சொல்ல வந்தது இதுதான், மீதி எல்லாம் விவரம்.

எங்கே ஓட்டலாம் என்ற சட்டத்தைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள், புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் தடுமாறும் இடம் இது. இங்கிலாந்தில் நடைபாதை என்றால் நடக்க மட்டும். பிரிடில்வே என்கிற குதிரைப் பாதையில் 1968 சட்டத்திலிருந்து சைக்கிளுக்கும் உரிமை உண்டு, ஆனால் நடப்பவருக்கும் குதிரைக்கும் வழி விட வேண்டும், அது சட்டத்திலேயே இருக்கிறது. அரசு வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் 1:25,000 வரைபடத்தில் இரண்டுமே பச்சைக் கோடுதான். சின்னச் சின்ன வெட்டாக இருந்தால் நடைபாதை, நீள வெட்டாக இருந்தால் பிரிடில்வே. மூர் முழுக்க மஞ்சள் சாயம் பூசி ‘திறந்த நிலம்’ என்று காட்டியிருப்பார்கள், அதைப் பார்த்து ஏமாற வேண்டாம், 2000ஆம் ஆண்டுச் சட்டம் கொடுத்த அந்த உரிமை காலால் நடப்பவர்களுக்கு மட்டும். ஸ்காட்லாந்து எல்லையைத் தாண்டினால் கதையே வேறு: அங்கே 2003 சட்டப்படி பொறுப்போடு நடந்துகொண்டால் பெரும்பாலான நிலத்தில் சைக்கிளும் போகலாம். மலைமுகட்டில் ஒரு கம்பி வேலி ஓடும், அதற்கு இந்தப் பக்கம் ஒரு சட்டம், அந்தப் பக்கம் ஒரு சட்டம். ஹேட்ரியன் சுவர்ப் பகுதிக்கு ஓஎல்43, கீல்டர் காட்டுக்கு ஓஎல்42, செவியட்டுக்கு ஓஎல்16 என்று மூன்று வரைபடம் வாங்கினால் போதும். காகிதத்தில் வாங்குங்கள். மலைக்கு உள்ளே போனால் போனில் சிக்னல் இருக்காது.

சரி, முதல் நாள். நியூகாசிலிலிருந்து கார்லைல் போகும் ரயிலில் சைக்கிளோடு ஏறி பார்டன் மில் ஸ்டேஷனில் இறங்குங்கள். சைக்கிளுக்கு இடம் கொஞ்சம்தான், முதலில் வருகிறவருக்கே கிடைக்கும், அதனால் கூட்டமான வண்டியை விட்டு அடுத்ததைப் பிடிப்பது நல்லது. இறங்கியதும் ஏற்றம். மூச்சு வாங்கும், ஆனால் சின்ன ஏற்றம்தான், அது முடிகிற இடத்தில் விண்டோலாண்டா கோட்டை. அதை ஒட்டி நாட்டுப்புறச் சந்து ஒன்று வரும், அதுதான் ஸ்டேன்கேட். வேகத்தைக் குறைத்து ஓரமாகப் பார்த்துக்கொண்டே போங்கள். புல்லுக்கு நடுவே ஆள் உயரத்துக்கு ஒரு உருண்டைக் கல்தூண் நிற்கும். ரோமானிய மைல்கல், நட்ட இடத்திலேயே இன்னும் நிற்கிறது. ஓரத்துக் கல்சுவரில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு அதன் மேல் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். மழையும் காற்றும் தேய்த்ததில் எழுத்தெல்லாம் போய்விட்டது, சொரசொரப்பாக, ஒரு பக்கம் பாசி பிடித்துக் குளிர்ந்து இருக்கும். இந்த வழியாக வந்த ஒவ்வொரு வண்டிக்காரனும் இதைக் கடந்துதான் போயிருக்கிறான்.

விண்டோலாண்டா அருங்காட்சியகத்தை அவசரமாகப் பார்க்காதீர்கள், அரை நாள் கொடுங்கள். 1973இல் அங்கே மண்ணுக்குள்ளிருந்து மெல்லிய மரச் சீவல்கள் கிடைக்க ஆரம்பித்தன, தபால் அட்டை அளவு, ஓரிரு மில்லிமீட்டர் கனம், மேலே மசி எழுத்து. கி.பி. 100ஐ ஒட்டிய காலத்துக் கடிதங்களும் கணக்குகளும். கிளாடியா செவேரா என்ற பெண் தன் பிறந்தநாளுக்கு வரச் சொல்லி லெபிடினா என்ற தோழிக்கு எழுதியது அதில் ஒன்று, கடைசி வரிகளைத் தன் கையாலேயே எழுதியிருக்கிறாள். குளிருக்குக் காலுறையும் உள்ளாடையும் அனுப்பியதாக இன்னொன்று. நம் ஆட்கள் நின்று பார்க்க வேண்டிய ஒன்றும் இருக்கிறது: ஒரு கணக்கில் கம்பாக்ஸ் என்ற சிப்பாய் பெயரில் மிளகு, 2 டெனாரி, அதாவது இரண்டு ரோமானிய வெள்ளிக் காசு. அந்தக் காலத்து ரோமுக்கு மிளகு போனது முசிறி போன்ற மேற்குக் கரைத் துறைகளிலிருந்து. பொன்னோடு வந்து கறியோடு திரும்பிய யவனர் கலங்களைச் சங்கப் பாட்டில் படித்திருப்போம். அந்தச் சரக்கில் ஒரு பிடி செங்கடல், அலெக்சாந்திரியா, இத்தாலி எல்லாம் தாண்டி இந்த மழை பிடித்த எல்லைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

மரச்சீவல் இரண்டாயிரம் வருடம் எப்படித் தாங்கியது என்பதைப் புரிந்துகொண்டால் மூரில் எப்படி ஓட்ட வேண்டும் என்பதும் தானாகப் புரிந்துவிடும். அங்கே ஒரு கோட்டையை இடித்துவிட்டு அடுத்ததைக் கட்டும்போது பழைய குப்பை மேல் களிமண்ணையும் புல்கட்டிகளையும் போட்டு மூடினார்கள். கீழே நீர் தேங்கியது, காற்று புகவில்லை, காற்று இல்லாத இடத்தில் அழுக வைக்கும் கிருமிகளுக்கு வேலை இல்லை. மூர் முழுக்க இயற்கையாகவே நடப்பதும் இதுதான். பாசி செத்து, நீருக்குள் கிடந்து, அழுகாமல், கறுப்பாக அடுக்கடுக்காகச் சேர்வதைத்தான் பீட் என்கிறார்கள், வருடத்துக்கு ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு வளரும். விண்டோலாண்டாவுக்கு மேற்கே சில கிலோமீட்டரில் மேக்னா என்ற இன்னொரு கோட்டை இருக்கிறது, அங்கே 2023இல் ஐந்து வருடத் தோண்டல் ஆரம்பித்ததற்குக் காரணமே வானிலை மாறி அந்தப் பீட் நிலம் காய்கிறது என்ற பயம்தான். காய்ந்தால் காற்று புகும், காற்று புகுந்தால் தோலும் மரமும் போய்விடும். 2025இல் அங்கிருந்து 30 சென்டிமீட்டருக்கும் நீளமான தோல் செருப்புகள் வெளியே வந்தன.

நான் இதை மோசமாகத்தான் கற்றுக்கொண்டேன். வந்த புதிதில் ஒரு மார்ச் மாதம், பிரிடில்வே நடுவில் நீர் தேங்கியிருந்தது என்று ஓரமாக ஒதுங்கி, பளிச்சென்ற இளம்பச்சைப் பாசி மேல் ஏற்றினேன். முன் சக்கரம் அச்சு வரை இறங்கியது, நான் முன்னால் விழுந்தேன், ஒரு கால் முழங்கால் வரை உள்ளே. சைக்கிளை இழுத்து வெளியே எடுத்த பிறகு திரும்பிப் பார்த்தேன்: ஒரு முழ நீளத்துக்குக் கறுப்பாகக் கிழிந்து, ஓரங்களிலிருந்து நீர் வடிந்துகொண்டிருந்தது. இரண்டு வருடம் கழித்து அதே வழியில் போனபோது அந்தக் கிழிசல் மூடியிருக்கவில்லை, என்னைப் போலவே ஒதுங்கிய வேறு சிலரின் தடமும் சேர்ந்து அகலமாகியிருந்தது. பத்து சென்டிமீட்டர் பீட் சேர நூறு வருடம். அன்றிலிருந்து நீர் தேங்கிய பாதையில் நடுவிலேயே போவேன், முடியாவிட்டால் இறங்கித் தள்ளுவேன், ஓரம் ஒதுங்க மாட்டேன்.

நிறத்தைப் படிக்கப் பழகுங்கள். ஹீதர் என்ற பழுப்புப் புதர் நெருக்கமாக இருந்தால் தரை ஓரளவு காய்ந்தது, தாங்கும். கோரை கொத்துக் கொத்தாக நின்றால் ஈரம். வெள்ளைப் பஞ்சு தலையாட்டும் புல் இருந்தால் அடியில் ஆழமான பீட். பளிச்சென்ற பச்சைப் பாசி, தொடவே வேண்டாம். நீலகிரியின் மேல்பகுதிப் புல்வெளிகளில் சரிவுகளுக்கு நடுவே இருக்கும் சதுப்புப் பள்ளங்களைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது, அங்கேயும் பீட் உண்டு. மார்ச்சிலிருந்து ஜூலை வரை தரையில் கூடு கட்டும் பறவைகள் அதிகம். நார்தம்பர்லாந்து தேசியப் பூங்காவின் சின்னமாக இருக்கும் கர்லூவும் அதில் ஒன்று, நீளமாக வளைந்த அலகு, கோடியக்கரைக்குக் குளிர்காலத்தில் வருகிற அதே இனம். தலைக்கு மேல் ஒரு பறவை விடாமல் கத்திக்கொண்டே சுற்றினால் கூடு பக்கத்தில் இருக்கிறது, நிற்காமல் கடந்து போய்விடுங்கள்.

விண்டோலாண்டாவிலிருந்து வடக்கே ஏறினால் ஒன்ஸ் புரூடு என்ற இடம் வரும். குறுக்கே போகும் பி6318 சாலையில் நீளமாக ஓட்டாதீர்கள். 1745இல் ஸ்காட்லாந்தில் எழுந்த கலகத்துக்குப் பிறகு ராணுவத்துக்காகப் போட்டது, பல மைல் தூரத்துக்குச் சுவரின் கல்லை உடைத்தே அடித்தளம் போட்டிருக்கிறார்கள். நேர்கோடு என்பதால் கார்கள் பறக்கும், மேடு தாண்டி வருகிற வண்டிக்குப் பள்ளத்தில் இருக்கும் சைக்கிள் தெரியாது. கடந்துபோக மட்டும் பயன்படுத்துங்கள். பார்வையாளர் மையத்தில் சைக்கிளைப் பூட்டிவிட்டு ஸ்டீல் ரிக்கிலிருந்து கிழக்கே நடங்கள். வின் சில் என்ற கருங்கல் முகட்டின் மேல் சுவர் ஏறி இறங்கும். சைக்கமோர் கேப்பில் 2023 செப்டம்பரில் யாரோ வெட்டிப்போட்ட புகழ்பெற்ற ஒற்றை மரத்தின் அடிக்கட்டை இருக்கிறது, அடுத்த வருடமே அதிலிருந்து துளிர் வந்தது. இன்னும் நடந்தால் ஹவுஸ்டெட்ஸ் கோட்டை. கிழக்கு வாசலில் குனிந்து வாசற்படிக் கல்லைப் பாருங்கள்: வண்டிச் சக்கரம் தேய்த்த இரண்டு பள்ளம் இருக்கும். விரல் விட்டால் உள்ளே இறங்கும். குதிரை வண்டியும் மாட்டு வண்டியும் தானியம் ஏற்றிக்கொண்டு திரும்பத் திரும்ப வந்து அரைத்த தடம் அது. சக்கரத்தில் போகிற யாருக்கும் அந்த இடத்தில் ஒரு நிமிடம் நிற்கத் தோன்றும்.

இரண்டாம் நாள்தான் உண்மையான மலை ஓட்டம். இதற்கு ரயில் உதவாது, யாராவது காரில் ஆல்வின்டன் வரை கொண்டு விட வேண்டும், அல்லது முந்தின இரவே அங்கே தங்க வேண்டும். அங்கிருந்து கோக்கெட் ஆற்றை ஒட்டி ஒற்றையடித் தார்ச்சாலை சுமார் 20 கிலோமீட்டர் வளைந்து வளைந்து மேலே போகும், கூடவே ஆறும் சிறுத்துக்கொண்டே வந்து கடைசியில் தாண்டிக் குதிக்கிற வாய்க்கால் ஆகிவிடும். சாலை முடிகிற இடத்தில் சூ கிரீன் என்ற ரோமானிய முகாம்கள். கல் கட்டடம் ஒன்றும் இல்லை. முதல் பார்வைக்கு வெறும் மேடு பள்ளம் மாதிரிதான் இருக்கும். எதிர்ச் சரிவில் கொஞ்சம் ஏறித் திரும்பிப் பாருங்கள், அதுவும் வெயில் சாய்ந்த நேரத்தில்: நேர்கோட்டுக் கரைகள், வட்ட மூலைகள், வாசல் விட்ட இடைவெளி, ஒரு முகாமின் மேலேயே இன்னொரு முகாம் வெட்டியது எல்லாம் நிழலில் எழுந்து வரும். காற்றுக்கு ஒதுங்கி ஆடுகள் ரோமானிய அகழிக்குள் படுத்திருக்கும். எனக்கு ஹவுஸ்டெட்ஸைவிட இந்த இடம்தான் பிடிக்கும்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. இந்தப் பள்ளத்தாக்கின் தெற்குப் பக்கம் முழுக்க ஆட்டர்பர்ன் ராணுவப் பயிற்சி நிலம், நிஜக் குண்டு சுடுகிற இடம். சுடும் நாட்களை முன்கூட்டியே அறிவிப்பார்கள், கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். சிவப்புக் கொடி ஏறியிருந்தால் அந்தப் பக்கம் கால் வைக்கக் கூடாது. கொடி இல்லாத நாளிலும் தரையில் கிடக்கும் எந்த உலோகத்தையும் தொடாதீர்கள்.

சூ கிரீனிலிருந்து டியர் ஸ்ட்ரீட் வடக்கே ஏறுகிறது. கொஞ்ச தூரம் பென்னைன் வே என்ற நீண்ட நடைவழியும் கூடவே வந்து பிரிந்துபோகும், பிரியும் இடத்தில் வரைபடத்தைப் பார்த்து நீள வெட்டுக் கோட்டின் வழியே போங்கள். பழைய சாலை எது என்று கண்ணுக்குத் தெரியும்: இரண்டு பக்கமும் ஆழமில்லாத பள்ளம், நடுவில் சற்று மேடான புல்வழி. மேட்டிலேயே ஓட்டுங்கள், இன்றைக்கும் நீர் வடிந்து அதுதான் காய்ந்து கிடக்கும். எல்லையைத் தாண்டினால் வோடன் லா என்ற பழைய குன்றுக்கோட்டையின் இடுப்பைச் சுற்றிக்கொண்டு இறக்கம் ஆரம்பிக்கும், நீளமான புல் இறக்கம், இந்தப் பகுதியிலேயே எனக்கு மிகப் பிடித்த இறக்கம் இதுதான். கீழே கேல் வாட்டர் ஓடையைத் தாண்டினால் பென்னிமியூர். அங்கேயும் ரோமானிய முகாம்கள், ஸ்காட்லாந்தில் இவ்வளவு நன்றாகக் கரை நிற்கும் முகாம்கள் அதிகம் கிடையாது. சூ கிரீனிலிருந்து இங்கே வர பத்து கிலோமீட்டர்கூட இல்லை. திரும்ப ஹௌனம் கிராமம் வரை சின்னச் சாலையில் போய், அங்கிருந்து தி ஸ்ட்ரீட் என்ற பழைய மாட்டு மந்தைப் பாதையைப் பிடித்து முகட்டில் ஏறி கோக்கெட் பள்ளத்தாக்குக்கே இறங்கலாம். ஒரு முழு நாள் ஆகும். மேகம் முகட்டில் இறங்கினால் பத்தடி தள்ளி ஒன்றும் தெரியாது, அப்படிப்பட்ட நாளில் போகாதீர்கள். அப்புறம் ஏ68 என்கிற நெடுஞ்சாலையும் டியர் ஸ்ட்ரீட் மேலேதான் பல இடத்தில் போகிறது, ரோமானியச் சாலை என்று ஆசைப்பட்டு அதில் ஏற வேண்டாம், லாரிகள்.

மூன்றாம் நாள் கிடைத்தால் கீல்டர். அங்கே ரோமானியர் சமாச்சாரம் இல்லை, 1926 முதல் நட்டு வளர்த்த ஊசியிலைக் காடும் பெரிய நீர்த்தேக்கமும்தான், ஆனால் சைக்கிளுக்கென்றே போட்ட தடங்கள் உண்டு, எந்த ஈரத்திலும் மனசாட்சி உறுத்தாமல் ஓட்டலாம். நீர்த்தேக்கத்தைச் சுற்றி 42 கிலோமீட்டர் பாதை புதியவர்களுக்கு ஏற்றது. டெட்வாட்டர், லோன்சம் பைன் எல்லாம் சிவப்புத் தரம், ஏற்றம் நீளம், பழகினவர்களுக்கு. பிறகு ஒரு வாரம் கிடைக்கும்போது பெரிக்கிலிருந்து ஹெக்ஸம் வரை 193 கிலோமீட்டர் போகும் சாண்ட்ஸ்டோன் வேயைப் பாருங்கள், வூலர், ராத்பரி வழியாக மணற்கல் மூர்களைத் தொட்டுக்கொண்டே வரும். ஆகஸ்டில் ராத்பரி பக்கம் ஹீதர் பூத்து மலையே ஊதா நிறமாக இருக்கும்.

சைக்கிளுக்கு முன்பக்க சஸ்பென்ஷன் மட்டும் இருந்தால் போதும். டியூப்லெஸ் டயர், நல்ல பிரேக் கட்டை, இரண்டாவது ஜோடிக் காலுறை, மழைச்சட்டை. கேட்டைத் திறந்தால் மூடுங்கள், திறந்தே கிடந்தால் அப்படியே விடுங்கள், ஆட்டுக்காரர் அதைக் காரணத்தோடுதான் விட்டிருப்பார். ஏப்ரல் மே குட்டி போடும் காலம், மந்தை வழியில் நின்றால் இறங்கித் தள்ளிப் போங்கள். ஜூன் ஜூலையில் காற்று நின்றால் மிட்ஜ் என்ற பொடிக் கொசு பிய்த்துவிடும். எனக்குப் பிடித்தது செப்டம்பர் முதல் பாதி.

தார்ச்சாலையே போதும் என்று ஒரு நாள் தோன்றினால் 72ஆம் எண் தேசிய சைக்கிள் வழி இருக்கிறது, மேற்கே ரேவன்கிளாஸிலிருந்து கிழக்கே சவுத் ஷீல்ட்ஸ் வரை சுமார் 275 கிலோமீட்டர். காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து அடிக்கும், அதனால் கிழக்கு நோக்கி ஓட்டுங்கள். தொடங்கும் இடத்தில் ரோமானியக் குளியல் வீட்டின் சுவர் இன்னும் கிட்டத்தட்ட 4 மீட்டர் உயரத்துக்கு நிற்கிறது. முடியும் இடத்தில் ஆர்பியா கோட்டை, உங்களுக்கு மெட்ரோ தூரம்தான். அதன் அருங்காட்சியகத்தில் ரெஜினா என்ற பெண்ணின் கல்லறைக் கல்லைத் தேடிப் பாருங்கள். தென் பிரிட்டனில் பிறந்தவள், அடிமையாக இருந்து விடுதலையாகி, சிரியாவின் பல்மைராவிலிருந்து வந்த பராத்தேஸ் என்பவனை மணந்தவள், 30 வயதில் இறந்துவிட்டாள். மேலே முறைப்படி லத்தீனில் எழுதியிருக்கிறது. அதற்குக் கீழே அவன் ஊர் எழுத்தில், இங்கே அனேகமாக யாருக்கும் படிக்கத் தெரிந்திருக்காத எழுத்தில், ஒரே ஒரு வரி: பராத்தேஸ் விடுதலை செய்த ரெஜினா, ஐயோ.